காற்றுப் புகாத மூடி

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி வேலைக்குப் போகிறவன் வீட்டில் நல்ல பாத்திரம் இருக்கிறதோ இல்லையோ, கழித்துப்போட்ட பீங்கான் கட்டாயம் இருக்கும். தேவநாதன் வீட்டுக் கோழி தண்ணீர் குடிப்பது விளிம்பு போன வாஷ்பேசினில். பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருப்பது கரண்டுக் கம்பத்துப் பீங்கான் குமிழ். அடுப்படி மூலையில் இடுப்புயரத்துக்கு ஓர் ஊறுகாய் ஜாடி நிற்கும். கழுத்து பழுப்பு, வயிறு வெள்ளை. வயிற்றில் மிளகளவு இடத்தில் பளபளப்புப் பூச்சு பிடிக்கவில்லை என்று கம்பெனியில் கழித்துவிட்டார்கள். கல்யாணமான மறுவருஷம் அதை சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்து சேர்த்தார் தேவநாதன்.

ஜாடியைவிட அதன் மூடியில்தான் அவருக்குப் பெருமை. அவருடைய வேலையே மூடி தேய்ப்பது. காய்ந்த மண் மூடியைச் சூளைக்குக் கொடுக்கும் முன் அதன் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஜாடி வாயோடு பொருத்திப் பார்த்து, மறுபடி தேய்த்து, மறுபடி பொருத்த வேண்டும். அவர் தேய்த்த மூடியை வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கிற காற்று உஸ்ஸென்று வெளியே போகும். அதற்கப்புறம் ஒரு பொட்டுக் காற்று உள்ளே நுழையாது. மங்கலம்பேட்டையிலிருந்து ஜாடி எடுக்க வரும் கடைக்காரர் முஸ்தபா, தேவநாதன் தேய்த்ததா என்று கேட்டுக் கேட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார்.

இப்படிப் பதினெட்டு வருஷம். மூடி போன இடமெல்லாம் கணக்காகத் தெரியும். தேய்த்த மாவு எங்கே போனது என்று மட்டும் ஒரு பயல் கேட்கவில்லை. தலையிலும் புருவத்திலும் ஒட்டியிருந்ததை, செராமிக் கம்பெனிக்குப் போனீர்களா மாவு மில்லுக்குப் போனீர்களா என்று கேலி பேசிக்கொண்டே சொர்ணாம்பாள் முந்தானையால் தட்டிவிடுவாள். உள்ளே போனதைத் தட்டிவிட முந்தானை ஏது?

நாற்பத்தைந்து வயதில் மனுஷன் முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்து நின்றார். இருமல் என்று போனவருக்கு டி.பி. மாத்திரை ஆறு மாசம் கொடுத்தார்கள். கேட்கவில்லை என்றதும் இன்னொரு ஆறு மாசம். மாத்திரை தீர்ந்தது, இருமல் தீரவில்லை. வாசலிலிருந்து கொல்லைக்குப் போக நடுவில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் மாசியில் ஒரே மகள் பிரபா அவரைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனாள். காலேஜில் விலங்கியல் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். படித்த பிள்ளை என்று டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். நெஞ்சு முழுக்க அரிசி இறைத்ததுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. இது காசநோய் இல்லையம்மா, கல்லு மண்ணுத் தூசி என்றார். நுரையீரல் தழும்பாகி இறுகிவிட்டது, இறுகினது இனி இளகாது, மருந்து என்று ஒன்று இல்லை என்றார். எத்தனை நாள் என்று அவளாகக் கேட்டாள். மழைக்காலம் வரைக்கும் இருந்தால் பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரேயை உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். பண்ருட்டி தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் அவள் ஒரு பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். வீட்டுப் படியேறினதும் அம்மாவிடம் அதைச் சொன்னாள். "சத்துதான் கொறஞ்சி கெடக்குதாம். நல்லா சாப்ட்டா சரியாயிடும்னு சொன்னாங்க." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

சொர்ணாம்பாள் அந்தச் சோற்றை அப்படியே நம்பினாள். அன்றைக்கே அவள் முகம் தெளிந்துபோனதைப் பார்த்து, பொய் சொன்னதுகூட நல்லதுதான் என்று பிரபாவுக்குப் பட்டது. பாவம், ஆழம் தெரியாமல் காலை விட்டவள் பிரபாதான்.

சத்து என்றால் சொர்ணாம்பாளுக்கு விரால். பிரசவமானவளுக்கு, வெட்டுப்பட்டவனுக்கு, படுத்து எழுந்தவனுக்கு, எல்லாருக்கும் விரால். அதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. மீன் உயிரோடு வீட்டுக்கு வரவேண்டும். சாம்பல் போட்டுப் பிடித்துக் கல்லில் உரசிய கையோடு சட்டியில் போடவேண்டும். செத்த விராலில் சக்கைதான் இருக்கும், சத்து இருக்காது. மிளகு, பூண்டு, சீரகம் போட்டுச் சாறாக வைக்கலாம். புளி கூடாது, மிளகாய் கூடாது, எண்ணெய் காயவைக்கக் கூடாது. மீன் குழம்பில் விரலை விட்டுக் காரம் பார்க்கிற தேவநாதன், மாசியிலிருந்து இந்தப் பத்தியத்தில் மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரித் தண்ணி மாதிரி இருக்கிறது என்று முனகியபடியே குடித்துவைத்தார்.

வாராவாரம் விரால் கொண்டுவருவது சொர்ணாம்பாளின் தம்பி சாமிதுரை. கம்மாபுரம் பக்கத்து ஊர். அந்த வெயிலில் அவன் ஊர் ஏரி வற்றி, நடுவில் நாலு பாய் விரிக்கிற அளவுக்குச் சேறு மிஞ்சியிருந்தது. சேற்றைக் கிளறினால் உள்ளே விரால் கிடக்கும். பிடித்து, ஈரச் சாக்கில் சுருட்டி, மொபெட்டில் போட்டுக்கொண்டு வருவான். முக்கால் மணி நேரம் வெயிலில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வந்த மீன், சாக்கை உதறினதும் தரையில் துள்ளும்.

தேவநாதனுக்கு இது அதிசயமாகப் போயிற்று. தண்ணியில்லாமல் இது எப்படி உயிரோடு இருக்கிறது என்று மகளிடம் கேட்டார். அப்படி ஆரம்பித்ததுதான் பாடம். செவுளுக்கு மேலே விராலுக்குக் குகை மாதிரி ஓர் அறை இருக்கிறது, வாயால் காற்றைக் குடித்து அதில் நிரப்பிக்கொள்ளும் என்று பிரபா சொன்னாள். தண்ணீர் வற்றுகிற ஊரில் பிழைக்கிறதுக்கு உடம்பே பண்ணிக்கொண்ட ஏற்பாடு என்றாள். தினமும் சாயங்காலம் பரீட்சைக்குப் படிப்பதை அப்பாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். ஆப்பிரிக்காவில் ஒரு மீன் தன் எச்சிலாலேயே கூடு கட்டிக்கொண்டு, மண்ணுக்குள் வருஷக்கணக்கில் தூங்குமாம். பனிக்கடலில் ஒரு மீனுக்கு ரத்தம் வெள்ளையாம். கடலாமை குடித்த உப்பைக் கண்ணீராக வெளியே தள்ளுமாம். "உங்கம்மாவும் அந்த ஜாதிதான்" என்றார் அவர். ஆஸ்திரேலியா ஆமை ஒன்று தண்ணீருக்கடியில் பின்பக்கத்தாலேயே மூச்சு விடும் என்று சொன்ன அன்றைக்கு, சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமி இருமி நீலம் பாய்ந்துபோனார். சொர்ணாம்பாள் மகளைத் திட்டித் தீர்த்தாள்.

ஒருநாள் ஓடையோரப் பாறையில் வெயில் காய்கிற உடும்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் சூடேறினால்தான் அதற்குச் செரிக்கும், ஓடவும் முடியும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "இதெல்லாம் எத்தினி வருஷத்துல கத்துக்கிச்சுங்க, பாப்பா?" என்றார்.

"கோடிக்கணக்குல ஆகும்ப்பா."

"அதான பாத்தேன்" என்றார். "எனக்குப் பதினெட்டு வருஷந்தான் குடுத்தாங்க."

சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைப் படி என்று கையால் காட்டினார். அவருக்குத் தெரியுமோ என்று பிரபாவுக்குச் சந்தேகம் வந்தது. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிய, எதையோ படித்து முடித்தாள்.

சித்திரை கடைசியில் அவளுக்கு உடலியல் பரீட்சை. அன்றைக்குக் காலையில் எட்டு மணிக்கே சாமிதுரை வந்துவிட்டான். சாக்கில் மூன்று விரால், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். "அவ்ளோதான்க்கா. சேறும் காஞ்சி பாளம் பாளமா வெடிச்சிப்போச்சி. இனி மழ பேஞ்சாதான்" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பினான்.

மூன்றையும் எப்படியாவது மூன்று வாரத்துக்கு உயிரோடு வைத்திருக்க வேண்டும். சொர்ணாம்பாளுக்கு அன்றைக்கு அதைத் தவிர வேறு யோசனை இல்லை. இதுவரைக்கும் பிளாஸ்டிக் பேசினில் அரைத் தண்ணீர் விட்டு மேலே முறத்தைக் கவிழ்ப்பாள். போன வாரம் ஒரு விரால் முறத்தைத் தள்ளிக்கொண்டு குதித்து, கொல்லைப்பக்கம் நகர்ந்துபோய், பூனைக்கு விருந்தானது. ஒரு வாரச் சத்தைப் பூனை தின்றதே என்று இரண்டு நாள் பேசினாள். ஆகவே இந்தத் தடவை ஜாடி. உள்ளேயிருந்த பழைய துணிமணியை எடுத்துவிட்டு, புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தூக்கிவந்து ஊற்றினாள். மீனுக்குத் தண்ணீர் எவ்வளவு இருந்தால் அவ்வளவு நல்லது என்று வாய்மட்டம் வரைக்கும் ஊற்றினாள். மீனை விட்டாள். மூடியை வைத்து அழுத்தினபோது உஸ்ஸென்ற சத்தம் வரவில்லை, சுற்றிலும் தண்ணீர்தான் வழிந்தது. குதித்துத் தள்ளிவிடாமல் இருக்க மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். இனி பூனை என்ன, புலி வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத் தரவேண்டாம் என்று பழமொழி சொன்ன பெரியவர்கள், மீனுக்கு மூச்சு வாங்க இடம் விட வேண்டும் என்றும் ஒன்று சொல்லிவைத்திருக்கலாம். சொல்லவில்லை.

சொல்லக்கூடிய ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள். அம்மா குடத்தோடு அடுப்படிக்குள் போவதைப் பிரபா பார்த்தாள். படத்தில் பாகங்களுக்குப் பெயர் குறிக்கிற வரிசை மறந்துவிடக் கூடாது என்று உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. போயிட்டு வரேன் என்று பொதுவாக ஒரு குரல் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பத்து மார்க் கேள்வியில் காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் வந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விராலின் தலையை வெட்டுத்தோற்றமாக வரைந்தாள். செவுள் மட்டும் அதற்குப் போதாது என்றும், சில நிமிஷத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து காற்றைக் குடிக்கும் என்றும், வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறக்கும் என்றும் எழுதினாள். கடைசி வரிக்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. அம்மா ஜாடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சாறுக்கு ஒரு மீனை எடுக்கலாம் என்று இப்போதுதான் மூடியைத் திறந்திருக்கிறாள். மூன்றும் வயிறு மேலே தெரிய மிதந்தன.

"தண்ணியிலதான பாப்பா வுட்டேன்" என்றாள் சொர்ணாம்பாள். "கொறயா ஊத்துனாக்கூடப் பரவால்ல, ரொப்பித்தான ஊத்துனேன். மீனு தண்ணியில சாவுமா? நம்ம நேரம் அப்பிடியா இருக்குது?"

காலையில் பார்த்த குடம் பிரபாவுக்கு ஞாபகம் வந்தது. அம்மாவின் நேரத்தின்மேல் பழி போக விடக்கூடாது என்று, உள்ளதைச் சொன்னாள். "நேரம் இல்லம்மா. விராலுக்குத் தண்ணி மட்டும் பத்தாது. மேல வந்து காத்து குடிக்கணும். மேல எடமே இல்ல. மூடியும் போட்டுட்ட."

சொர்ணாம்பாள் திரும்பி, தரையில் கிடந்த மூடியைப் பார்த்தாள். உள்ளறையில் தேவநாதன் மூச்சு இழுத்து விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடைத்துக்கொண்ட அடிபம்பை அடிக்கிற மாதிரி இருந்தது.

"காத்துக்கு வழியில்லாம எவ்ளோ நேரம் தவிச்சிருக்கும், பாப்பா?"

பிரபா அழ ஆரம்பித்தாள். முதலில் சத்தமில்லாமல், அப்புறம் வாயில் தாவணியை அடைத்துக்கொண்டு. இரண்டு மாசமாக அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. சொர்ணாம்பாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்காதவள்தான். ஆனால் மூன்று மீனுக்காக யாரும் இப்படி அழமாட்டார்கள் என்று தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை.

"டாக்டரு என்னா சொன்னாரு?" என்றாள்.

பிரபா எல்லாவற்றையும் சொன்னாள். அரிசி இறைத்த எக்ஸ்ரேயை, இறுகினது இளகாது என்றதை, மழைக்காலக் கெடுவை, ஒன்றையும் விடவில்லை. மாரில் அடித்துக்கொள்வாள், தன்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா அடிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாராவாரம் சாம்பல் போட்டு மீனைப் பிடித்த கைகள். அப்புறம் ஜாடிக்குள் கையை விட்டு, மூன்று மீனையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் சிவப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"புளிய ஊறப்போடு" என்றாள்.

பிரபாவுக்குப் புரியவில்லை. செத்த விராலை அப்பாவுக்கு வைக்கக் கூடாதே என்றாள். சொர்ணாம்பாள் பரணிலிருந்து மாசியில் ஏற்றிவைத்த மிளகாய்த்தூள் டப்பாவை இறக்கிக்கொண்டிருந்தாள். "தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்னா, மொழம் என்னா" என்று சொன்னாள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் பிரபாவைப் பயமுறுத்தியது.

நல்லெண்ணெய் காய்ந்தது. வெந்தயம் சிவந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, கைநிறைய மிளகாய்த்தூள். பக்கத்து வீட்டு மரத்திலிருந்து கிளிமூக்கு மாங்காய் ஒன்றைப் பறித்துவரச் சொல்லி, தோலோடு கீறிப் போட்டாள். மூன்று மீனையும் போட்டாள். எடுத்துவைப்பது என்கிற பேச்சே இல்லை. குழம்பு கொதித்த வாசனை வீட்டை நிரப்பிக்கொண்டு தெருவுக்குப் போனது. உள்ளறையில் மூச்சுச் சத்தம் ஒரு நிமிஷம் மாறியது. கட்டில் கிறீச்சிட்டது.

தேவநாதன் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். கேட்காமலே சொர்ணாம்பாள் தட்டை வைத்தாள். சோற்றைக் குவித்து, நடுத்துண்டாக இரண்டை வைத்து, சிவக்கச் சிவக்கக் குழம்பை ஊற்றினாள். அவர் தட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய மகள் முகத்தையும் பார்த்தார்.

"பத்தியம் முடிஞ்சிதா, சொர்ணம்?"

"முடிஞ்சிதுங்க."

அவர் தலையாட்டினார். "பாவாடைக்கும் கடசியா கருவாட்டுக் கொழம்புதான் வச்சிக் குடுத்தாங்க" என்றார். பாவாடை அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூடி தேய்த்தவன். இதே இருமலில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனான். அவனுக்கும் டி.பி. என்றுதான் ஊரில் சொன்னார்கள். அது டி.பி. இல்லை என்று தேவநாதனுக்கு அப்போதே தெரியும். தனக்கும் அதுவேதான் என்று புதுச்சேரிக்குப் போகும் முன்னாலேயே தெரியும். மனைவிக்காகத்தான் வாரம் தவறாமல் அந்த ஆஸ்பத்திரித் தண்ணியைக் குடித்திருக்கிறார். யாருக்காக யார் எதை மறைத்தோம் என்று மூன்று பேருக்கும் அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. விளங்கி ஒரு பிரயோசனமும் இல்லை.

முதல் வாயை வைத்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை பூத்தது. காரம் நெஞ்சில் ஏற, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் தலையை மேலே தூக்கிக் காற்றைத் தேடினார். பிரபாவால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. நன்றாக இருக்கிறது என்றார். உப்பு ஒரு கல் கூடியிருக்கலாம் என்றார். அப்புறம், மூலையில் மூடி இல்லாமல் நின்ற ஜாடியும், அதைச் சுற்றித் தேங்கிக்கிடந்த தண்ணீரும் அவர் கண்ணில் பட்டன. குழம்புச் சட்டியில் மூன்று மீன் தலையும் தெரிந்தன. மூன்றும் ஒரே நாளில் எப்படிச் செத்தன என்று மகளிடம் கேட்டார்.

ஜாடி நிறையத் தண்ணீர் ஊற்றி மூடியிருந்தது என்றும், மேலே வந்து காற்றுக் குடிக்க இடமில்லை என்றும் பிரபா சொன்னாள். பாடம் கேட்கிற மாதிரியே அவர் கவனமாகக் கேட்டார். தரையில் கிடந்த மூடியை எட்டி எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார்.

"ஒரு பொட்டுக் காத்துகூட உள்ள போவலியா?"

"போவலப்பா."

"போவாது" என்றார். "நான் தேய்ச்சது."

சொர்ணாம்பாள் குனிந்து, அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.